பூஜ்யம் வச்ச மத்தியானம்

லைட்டை அணைச்சுட்டு வா. போனையெல்லாம் கவுத்து வைங்க... ம். கிட்ட வந்து உக்காருங்க.

பேய்னா நடுராத்திரி, சுடுகாட்டுப் பாதைன்னுதானே நினைக்கிறீங்க? இது மத்தியானம் ஒரு மணி. சீனாவுல, ஷென்ஜென் ஊர்ல ஒரு ஆபீஸ், பதினோராவது மாடி. என் ரூம்மேட் டோங்கோட அக்கா புருஷனுக்கு நடந்தது. பேரு ஜியாபின்.

அங்கெல்லாம் சாப்பிட்டதும் விளக்கை அணைச்சுருவாங்க. ஜன்னல் திரை இறங்கிரும். மேசைக்கு அடியில இருக்கிற மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டு எல்லாரும் வரிசையா படுத்துருவாங்க. நடுவுல போற பாதை இருக்கே... ஆளரவமே இருக்காது. ஏசி மட்டும் உஸ்ஸுனு ஓடும்.

செல்போன் தயாரிக்கிற கம்பெனி. புதுசா சேர்ந்த ஜியாபினுக்குக் குடுத்தது, முன்னாடி அங்க வேலை பார்த்த ஃபெங் அண்ணனோட சீட்டு. அவரு வாரக்கணக்கா வீட்டுக்கே போகாம வேலை பார்த்த ஆளு. கண்ணு சொக்காம இருக்க நெத்தியில பச்சைத் தைலம் தேய்ச்சுக்குவாரு. ஒரு மத்தியானம் படுத்தவரு எந்திரிக்கல. விளக்கு போட்டதும் டீம் லீடர் வெய் வந்து கட்டில் காலை எட்டி உதைச்சான். "எந்திரிய்யா, இது என்ன உன் மாமியார் வீடா?" அப்புறம்தான் தொட்டுப் பார்த்தாங்க... சில்லுனு இருந்துச்சு.

அந்த வெய்யை நான் பார்த்திருக்கேன். மனுஷனே இல்ல அவன். அந்தக் கட்டிலைத் தூக்கிக்கூடப் போடல. மடிச்சு, அதே மேசைக்கு அடியில வச்சு, ஜியாபினுக்கே குடுத்துட்டான்.

ஜியாபினுக்கு வந்த வேலை சென்சார் டிரைவர், அதான் சென்சாரை இயக்குற புரோகிராம், எழுதுறது. போனைக் காதுல வச்சா திரை அணையுதுல்ல, அந்த சென்சார். ஏதாவது கிட்ட வந்தா அதுல நம்பர் ஏறும். விலகுனா இறங்கும். எதிர்ல ஒண்ணுமே இல்லாதப்போ என்ன வருதோ, அதைப் பூஜ்யம்னு வச்சுக்கணும். அது பக்கத்துலயே வெளிச்சத்தை அளக்கிற சென்சார் ஒண்ணு.

காலையில எல்லாம் ஒழுங்கா இருக்கும். மத்தியானம் விளக்கு அணைஞ்சதும்... மேசையில சும்மா கிடக்கிற போன்ல நம்பர் ஏறும். மெதுவா. பூஜ்யம்... நாப்பது... நூறு... முந்நூறு. வெளிச்சம் மட்டும் இறங்கும். யாரோ மேல குனிஞ்சு பார்க்கிற மாதிரி. திரை பட்டுனு அணையும்.

சென்சாரை மாத்தினான். போன் கண்ணாடியை மாத்தினான். பக்கத்து மேசைக்குக் கொண்டுபோனா ஒண்ணுமில்ல. திரும்பக் கொண்டுவந்தா முந்நூறு. கூடவே வாசனை... பச்சைத் தைலம்.

என்னடா கேட்டே? வேற எங்கயாவது போய்ப் படுக்கலாமேன்னா? சீட்டை விட்டு நகர்ந்தா வெய் சும்மா விடுவானா! பொண்டாட்டிக்கு வேற ஏழாம் மாசம். வேலையை விட முடியாது.

அதனால அவனா டிரைவர்ல ஒண்ணு சேர்த்தான். எதுவாவது கிட்ட வந்தா போன் அதிரணும். நெஞ்சு மேல போனை வச்சுக்கிட்டுப் படுத்தான். டர்ர்ர்... முழிச்சா மூச்சே வரல. தள்ளிப் படுடான்னு யாரோ அதே கட்டில்ல இடிச்சு ஏறுற மாதிரி நெஞ்சு கனத்துச்சு. எந்திரிச்சு உக்காந்ததும்தான் மூச்சு வந்துச்சு. தினமும் இதேதான். தினமும் அந்தப் போன்தான் எழுப்பி விடும். "இது எழுப்பலேன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன்"னு பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான்.

வெய்க்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. வந்து நின்னான்.

"என்னடா டர்ருங்குது?"

"ஸார், யாரோ கிட்ட வர்றாங்க..."

"பேய்க்கதை சொல்லி நாள் கடத்தலாம்னு பார்க்கிறியா? நாளைக்கு கஸ்டமர் வர்றான். திரை அணைஞ்சுதுன்னா நீ மூட்டையைக் கட்டு."

"ஸார், இந்த இடத்துல மட்டும்தான்..."

"இந்த இடத்துல என்ன இருக்கோ, அதையே பூஜ்யம்னு வை. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

வெறும் காத்தைப் பூஜ்யம்னு வைக்கலாம். ஆளைப் பூஜ்யம்னு வைக்கலாமா? பாவி!

ஜியாபின் அமுக்கினான். முந்நூறு... பூஜ்யம். இங்க யாருமே இல்லேன்னு போன் சொல்லிருச்சு. வாசனை மட்டும் போகல.

மறுநாள் காலையில கஸ்டமர் வந்தான், பார்த்தான், தலையாட்டிட்டுப் போனான். ராத்திரி பூரா முழிச்சு வேலை பார்த்த ஜியாபின், வாத்துக்கறிச் சோத்தைப் பாதியில வச்சுட்டு, கட்டில்ல சாஞ்சான். நெஞ்சு மேல போன்... அது அதிரவே இல்ல.

விளக்கு போட்டாங்க. வெய் வந்து கட்டில் காலை உதைச்சான்.

ஜியாபினோட சாமானை எடுக்க டோங்தான் போனான். அந்தப் போன் கம்பெனிச் சொத்தாம், தர மாட்டாங்களாம். மேசை மேலயே கிடந்துச்சு. சீட்டுல அதுக்குள்ள இன்னொரு புதுப் பையன். டோங் பையை மூடுறதுக்குள்ள மத்தியான விளக்கு அணைஞ்சுது.

தைலம் வாசனை.

போன் திரையைப் பார்த்தான். பூஜ்யம். ஃபெங் அண்ணனைத்தான் ஏற்கெனவே கழிச்சாச்சே... அவரு வந்து குனிஞ்சாலும் இனிமே பூஜ்யம்தான்.

அப்புறம், அவருக்கும் மேல இன்னொருத்தன் வந்து குனிஞ்ச மாதிரி, நம்பர் ஏறுச்சு. நாப்பது... நூறு... முந்நூறு. டர்ர்ர்...

வெய் எட்டிப் பார்த்தான். புதுப் பையன்கிட்ட சொன்னான்:

"மறுபடியும் பூஜ்யம் வை."

அவன் வச்சான். வச்சுட்டு... மேசைக்கு அடியில இருந்த கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்தான்.