வலப்பக்கத்து வெளிச்சம்

பெருமதிப்பிற்குரிய ஓவியர் சங்கத் தலைவர் ஃப்ளோரிஸ் அவர்களே! தூரிகை பிடித்தே தலை நரைத்த பெரியோர்களே! கணவன்மாருக்கு வண்ணம் அரைத்தே கை காய்த்துப்போன தாய்மார்களே! ஹார்லெம் நகரத்து நல்லவர்களே! நடுங்கும் நாவோடு நிற்கும் இந்த மாக்தெல்ட்டின் வணக்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று இந்தப் படத்தை நீங்கள் ஏற்றால், இனி என் படங்களில் என் பெயரை நானே எழுதலாம். தள்ளினால்? மறுமுறை கிடையாது. அது சங்கத்தின் விதி.

துணி மூடிய இந்தப் படம் ஒரு பூச்சாடி. ரோஜாவை அது பூக்கும் ஜூனில் பார்த்து வரைந்தேன், கசகசாப் பூவை ஜூலையில். ஒரு சாடி நிறைய ஓராண்டு! உங்களுக்குத் தெரியாததா? ஆனால் நடுநாயகமாக நிற்க வேண்டிய டியூலிப் பூவுக்காக நட்ட கிழங்கை மட்டும் பாழாய்ப்போன எலி தின்றுவிட்டது. படத்தைக் காட்டும் நாள் நெருங்கியது, பார்த்து வரையப் பூ இல்லை.

படச்சட்டம் செய்யும் என் கணவர் யோரிஸ், பூக்கிழங்கு வியாபாரியின் டியூலிப் படப்புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

“இதப் பாத்துப் போட்டுட்டுப் போயேன். எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

“சும்மா இருங்க. அங்க உக்காந்திருக்கறதெல்லாம் கழுகுக் கண்ணு.”

“அட போடி! பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டாலும் கண்ணு தெரியாது!”

மன்னியுங்கள் ஐயா, அவர் சொன்னது. நானல்ல!

போட்டேன். ஆம், போட்டேன்! இன்று காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் பகீரென்றது. என் பூக்களுக்கெல்லாம் இடப்பக்கம் வெளிச்சம். அந்த ஒரு பூவுக்கு மட்டும் வலப்பக்கம்! ஒரே சாடிக்கு இரண்டு சூரியனா? பார்க்காத பூவைப் பார்த்தேன் என்று சொல்லி அடியில் என் பெயரை எழுதவா? ஈரம் காயுமுன் கத்தியால் சுரண்டிவிட்டேன்.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசைப் பெரியவரே? “ஓட்டையோடவாம்மா கொண்டாந்திருக்கே?”

ஆமாம் ஐயா, ஓட்டையோடுதான்! இதோ, துணியை விலக்குகிறேன். பாருங்கள். பார்த்ததை வரைந்தேன், பாராததை விட்டேன். வேறு கிழங்கு நட்டிருக்கிறேன், ஏப்ரலில் பூக்கும். அன்று இந்த இடத்தை நிரப்புவேன், நீங்கள் என்னைச் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஏற்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஐயோ, யோரிஸ்! கையக் கீழ போடுங்க, நீங்க சங்கத்துல இல்ல!

பின்வரிசைப் பெரியவரே... முதலில் கை தூக்கியது நீங்களா? தலைவர் அவர்களே, தாங்களுமா?

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.