மாப்பிள்ளைக்கு ஒரு லேப்டாப்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு அப்பாவும் அம்மாவும், நடுவில் கல்யாணம் நிச்சயமான அவர்கள் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். சீர்வரிசையோடு லேப்டாப்பும் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்களாம். அதை வாங்கத்தான் போகிறார்கள்.

"நீதாம்மா கம்ப்யூட்டர் படிச்சவ. எது எடுக்கலாம், சொல்லு."

"கம்மி வெலையே போதும்பா. அவரு படம்தான் பாக்கப் போறாரு."

"கம்மியா எடுத்தா அந்த வூட்ல பேச்சு வாங்கப் போறது நீதான்டி," என்றாள் அம்மா.

"ஆபீசுக்குன்னே ஒண்ணு வருதாமே. கீழ வுழுந்தாலும் ஒடயாதாம்," என்றார் அப்பா.

"தெரியும்பா. சென்னையில வேலை கெடச்சப்ப எனக்கு அதைத்தான் குடுக்கறேன்னாங்க. நீங்கதான் போவ வேணாம்னீங்க."

மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

கடைசியில் அப்பா சொன்னார்: "சரி, அந்த ஒசத்தியையே எடுத்துடலாம். வூட்லதான இருக்கப் போவுது? நீயும் அதுல ஒக்காந்து எதனா வேலை பாக்கலாம்."

"பாக்கலாம்பா," என்றாள் பெண். "அவரு பாஸ்வேர்டு சொன்னா."