சதுர அடைப்புக்குள் மறதி

“மறதியை முதல்ல போட்டா மார்க் போயிரும்க்கா.”

சின்னமனூரிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். நோய்களுக்கு எண் போடும் மெடிக்கல் கோடிங் பரீட்சைக்குப் போகிறார்கள். சொன்னது இளையவள்.

“ஏண்டி, கேள்வியில மறதின்னுதான இருக்கு?”

“நடுக்குவாதமும் இருக்கே. இண்டெக்ஸ்ல பாருங்க, மறதியோட நம்பர் சதுர அடைப்புக்குள்ள இருக்கு. அப்படி இருந்தா அது எப்பவும் ரெண்டாவதுதான். எதனால வந்துச்சோ, அந்த நோய்தான் முதல்ல.”

மூத்தவள் புத்தகத்தை மூடினாள்.

“எங்க மாமனாரோட மறதிக்குப் பாக்காத வைத்தியமில்ல. கை நடுங்குறத, வயசாயிருச்சுன்னு யாருகிட்டயும் சொல்லவே இல்ல.”

வீரபாண்டி தாண்டும்போது போனில் பேசினாள்.

“ஏங்க, இன்னைக்கு மாமாவைக் கூட்டிட்டுப் போறீகல்ல? டாக்டர்கிட்ட மறதியை அப்புறம் சொல்லுங்க. கை நடுங்குறத முதல்ல சொல்லுங்க.”