சிமிட்டச் சொல்லவில்லை

"கண்ணைச் சிமிட்டுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வேன். தூக்கத்திலும் அதையே உளறுகிறேன் என்று அக்கா கேலி செய்வாள். விழித்திரையைப் படம் எடுப்பவளுக்கு அதுதான் பாதி வேலை. சிமிட்டாவிட்டால் கண் காய்ந்து படம் மங்கிவிடும்.

முன்பெல்லாம் அந்தப் படத்தை டாக்டர் பார்ப்பார். இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிறது. பார்வையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு ஊசி போட்டால் தேறுமா தேறாதா என்று படத்தை வைத்தே சொல்லிவிடும். தேறாது என்று வந்தால் டாக்டர் போடுவதில்லை. கண்ணுக்குள் குத்தும் ஊசி, வீணாக எதற்கு என்பார். நியாயம்தான்.

அக்காவுக்கும் இந்த வித்தை தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். அக்கா கதவருகில் நின்று ஒரே ஒரு பார்வை பார்த்தாள். "இந்த ஆளு தேற மாட்டான்டி. முழியே சரியில்ல." அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் அதே மனிதர் தன் மனைவியைப் படம் எடுக்க அழைத்து வந்தார். சொட்டு மருந்து அவள் கன்னத்தில் வழிந்தபோது தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. "பொறுமையா எடுத்தீங்க, ரொம்ப நன்றிம்மா" என்றார்.

வீட்டில் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டே, "யாரு, அந்தத் திருட்டு முழியா? தப்பிச்சடி நீ" என்றாள். அவள் மடித்து வைத்ததை உதறி நான் மறுபடி மடித்தேன்.

அடுத்த மாதமே, "கதவு நிலை கோணலாத் தெரியுதுடி" என்றாள். நானே அழைத்துவந்தேன். தாடையை வைக்கச் சொன்னேன், பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். சிமிட்டச் சொல்லவில்லை.

"சிமிட்டலாமாடி?" என்று அவளே கேட்டாள்.

"அசையாதக்கா" என்றேன்.

திரையில் காட்டும் படத்தின் தரம் பத்தில் ஆறுக்குக் கீழே போனால் மறுபடி எடுக்க வேண்டும் என்பது விதி. சரியாக ஆறுக்கு இறங்கும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். இரண்டு கண்ணுக்கும் அப்படித்தான். நான் விதியை மீறவில்லை.

மங்கின படத்தைப் பார்த்த கம்ப்யூட்டர் தேறாது என்றது. அந்தத் தாளை அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

எட்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டு நீங்கள் கேட்கிறீர்கள், தெரிந்தே செய்தாயா என்று. பதினெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறவள் நான். கண் காய்வதற்கு முன்னால் திரையில் தெளிவாகவே தெரிந்தது; ஊசி போட்டால் தேறக்கூடிய கண். ஒரே பார்வையில் தள்ளிவிடப்படுவது எப்படியிருக்கும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

இப்போது அவளுக்கு ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் ஒன்றுமில்லை. என்னைப் பார்க்கத் தலையைச் சாய்க்கிறாள். "மொகம் தெரியாட்டி என்னடி, உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ என்னக் கைவிட மாட்ட" என்கிறாள்.

அவள் கணித்ததில் இது ஒன்றுதான் பலித்திருக்கிறது. எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், ஆறு மணிக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?