பன்னிரண்டு ஜிபி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. இந்த அறையில் ஏசி இல்லாதது எனக்குப் பெரிய நிம்மதி. இருபத்திரண்டு வருடம் சர்வர் அறையில் உட்கார்ந்ததில் மூக்கடைப்பு என்னோடு குடித்தனம் நடத்துகிறது. பேச்சு எங்கேயாவது புரியவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என் பொறுப்பில் இருந்தது டைரக்டரி சர்வர். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தக் கதவு திறக்கும், யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதையெல்லாம் வைத்திருக்கும் பட்டியல் அது. நாற்பத்தொரு மருத்துவமனைகள், நான்கு கோடிப் பதிவுகள். அது படுத்துவிட்டால் அறுவைச் சிகிச்சை அறையின் கதவுகூடத் திறக்காது. பழைய இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. மொத்தப் பட்டியலையும் புதியதில் ஏற்ற வேண்டும். மாத முடிவுக்குள் முடித்துத் தருகிறேன் என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்தவன் நான்.

ஏற்றினேன். அறுபது சதவீதம் தாண்டியதும் செத்தது.

நினைவகம் தீர்ந்துபோனால் இயங்குதளம் யாரிடமும் அனுமதி கேட்காது. எந்த நிரல் அதிகமாகத் தின்கிறதோ அதைப் பிடித்துக் கொன்றுவிடும். மற்றவை பிழைத்துக்கொள்ளும். பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். கோபம், கூச்சல் எதுவும் கிடையாது. அந்த நேர்த்தி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இயந்திரத்தில் அறுபத்துநான்கு ஜிபி நினைவகம். பதிவுகளைக் கையருகே வைத்துக்கொள்ள அதில் ஒரு தற்காலிக இடம் உண்டு, கேஷ் என்போம். அதற்கு இருபத்துநான்கு ஒதுக்கியிருந்தேன். செத்ததும் முப்பத்திரண்டு ஆக்கினேன். மறுபடி செத்தது. நாற்பது ஆக்கினேன். பிறகு நாற்பத்தெட்டு. குழந்தை அழுதால் பசி என்றுதானே நினைப்போம்? ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஓடி, அதே அறுபதில் விழுந்தது. ஒன்பது முறை.

கோளாறு பட்டியல் இருக்கும் கோப்பில் இருக்கிறது என்று மேலாளரிடம் சொன்னேன். கோப்பைத் தயாரித்தவர் என் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவரும் மறுபேச்சுப் பேசாமல் பதினோரு நாள் உட்கார்ந்து நான்கு கோடி வரிகளையும் சலித்தார். கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டியபோதுகூடத் தலை குனிந்து நின்றார். நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்றரைக்குச் சர்வர் அறைக்குள் வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், கோப்புல ஒண்ணும் இல்ல. கேஷ்தான் ஆளை முழுங்குது. உள்ள வந்ததும் ஒவ்வொரு பதிவும் ரெண்டரை மடங்கு வீங்குது. நீங்க நாப்பத்தெட்டுன்னு வச்சா அது நூத்தி இருபது கேக்கும். எங்க போறது? பன்னெண்டு வைங்க, கொஞ்சம் மெதுவா போகும், ஆனா ஓடி முடிஞ்சிரும்."

சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று என் தோளைத் தட்டினார். "கவலப்படாதீங்க மச்சான். மூணு மணி மீட்டிங்ல நான் வாயே தொறக்கமாட்டேன். கோப்புலதான் தப்புன்னே இருக்கட்டும். நம்ம குடும்பத்துக்குள்ள என்ன இருக்கு?"

இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்து செய்ததாக உங்கள் ஆய்வாளர் நினைக்கிறார். இல்லை. காட்டிக்கொடுத்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் என்னை மன்னித்தார். இனி ஒவ்வொரு விருந்திலும் எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், எனக்குப் பரிமாறச் சொல்லிச் சிரிப்பார். அதை எத்தனை வருடம் தாங்குவது?

சர்வரை ரேக் என்கிற இரும்பு அலமாரியில் சறுக்கி ஏற்றுவதற்கு ஓர் எஃகுச் சட்டம் உண்டு, ஒரு முழ நீளம். மேசைமேல் ஒன்று மிச்சமிருந்தது. அவர் திரையைப் பார்க்கக் குனிந்தபோது காதுக்குப் பின்னால் அடித்தேன். திரும்பி "மச்சான்?" என்றார், ஏதோ தவறி விழுந்துவிட்டது போல. இரண்டாவது அடியில் மூக்குக் கண்ணாடி உடைந்தது. கீழே விழுந்த பிறகு ரேக்கின் காலைப் பிடித்துக்கொண்டார். அந்த ரேக்கில்தான் புதிய இயந்திரம் இருந்தது, கம்பி ஏதாவது பிடுங்கிக்கொள்ளுமே என்று விரல்களின் மேல் அடித்தேன். பிறகு மறுபடி தலையில். மொத்தம் ஐந்து என்று எனக்கு நினைவு. உங்கள் மருத்துவர் பதினொன்று என்கிறார். படித்தவர், அவரோடு எனக்கு வழக்கில்லை. விசிறிகளின் இரைச்சலில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அறையின் தரை உயர்த்திப் போட்டது. ஓடுகளைக் கழற்றினால் கீழே இரண்டடிப் பள்ளம். அவரை அதில் படுக்க வைத்தேன். கால்கள் கொஞ்சம் இடித்தன, மடக்கினேன். தரையைத் துடைத்துவிட்டு, அவர் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தபடி பன்னிரண்டு என்று போட்டு ஏற்றத்தைத் தொடங்கினேன்.

மூன்று மணி மீட்டிங்குக்குக் கிளம்பும்போது தங்கை அழைத்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று கட்டிய பல். சின்ன வயதில் என் வீட்டுக்கணக்கில் ஒரு விடை தப்பு என்று சொல்லிச் சிரித்தாள், அன்றைக்குப் போனது.

"அண்ணா, அவரு போனே எடுக்கலயே. சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரும்மா. வேலையா இருக்காரு."

"பதினோரு நாளா தூங்கவே இல்லண்ணா. கொஞ்சம் படுக்கச் சொல்லேன்."

"படுத்திருக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மாலையில் அறுபதைத் தாண்டியது. எழுபது. எண்பது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். நூறைத் தொட்டபோது மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். நாற்பத்தொரு மருத்துவமனைகளிலும் கதவுகள் திறந்தன. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் தங்கையை அழைத்துக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு வந்து, காணவில்லை என்று புகார் எழுதியதும் என் கைதான். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் புதிய இயந்திரம் சூடாகிறது என்று எச்சரிக்கை வந்தது. குளிர்காற்று அந்த உயர்த்திய தரைக்கு அடியில்தான் ஓடி மேலே வரும். அதன் வழியை அவர் அடைத்துக்கொண்டிருந்தார். ஏசி மெக்கானிக் தரையின் ஓடு ஒன்றைத் தூக்கினார். மீதி உங்களுக்கே தெரியும்.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன் ஐயா. அழகாக எழுதியிருக்கிறீர்கள். கொன்றேன் என்று இருக்கிறது, உண்மை. மறைத்தேன், தங்கையிடம் பொய் சொன்னேன், எல்லாம் உண்மை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும், கேஷின் அளவை நான் தப்பாக வைத்தேன் என்று ஒரு வரி இருக்கிறது. பத்தாவது முறை நானே குறைப்பதாகத்தான் இருந்தேன். அதை அடித்துவிடுங்கள். அப்படியொரு தப்பைச் செய்கிற ஆள் நான் இல்லை.