அக்கரைக்குப் போன தண்ணி

— கேட்டியா அம்மாடி, கடலே உன் கணக்குக்குப் பயந்து ஓடிப்போச்சாம். படகெல்லாம் சேத்துல சாஞ்சு கிடக்கு. "மாடிவீட்டுப் பொண்ணு வெள்ளம் வரும்னா இருக்கிற தண்ணியும் போயிடும்"னு கீழ்வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நான் சிரிக்கலைப்பா.

— சுத்திலும் கரை உள்ள கடல் அக்கா. தண்ணி எங்கே ஓடும்? காத்து தள்ளி அக்கரையில குவிச்சு வச்சிருக்கு. காத்து நின்னு திசை மாறினா அத்தனையும் இங்கே வரும்.

— போன மச்சான் திரும்பி வந்தான்ங்கற கதையா?

— அதேதான்.

— அக்கரை முங்கும்னு நீ சொன்னே, முங்கிடுச்சு. உன் வீட்டுக்காரர் காலையில நெஞ்சை நிமித்திக்கிட்டு வண்டியில போனார். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? மாமியார் ஏதாவது சொன்னாங்களா?

— இல்லைக்கா. அக்கரைக்கு எவ்வளவு உயரம் வெள்ளம் வரும்னுதான் எங்க வானிலை ஆபீஸ்ல கேட்டாங்க. அதனால காத்து ஓயற வரைக்கும் கம்ப்யூட்டர்ல கணக்கை ஓட்டி, அதோட நிறுத்திட்டேன். திரும்பி வர்றதை இன்னைக்குக் காலையிலதான் ஓட்டிப் பார்த்தேன். நாம நிக்கிற இந்த மாடிக் கைப்பிடிக்கும் மேல போகுது.

— உங்க பெரிய அதிகாரிகிட்ட சொன்னியா?

— சொன்னேன். துறைமுகத்து அளவுகோலைக் காட்டறார். தண்ணி வத்திக் கிடக்கும்போது வெள்ள எச்சரிக்கை விட்டா ஊர் சிரிக்குமாம்.

— சிரிக்கும்தான். முதல்ல நானே சிரிப்பேன்.

— சிரிச்சுட்டாவது மேட்டுக்குப் போயிடுங்க அக்கா.

— எதுல போக? இருக்கிறது ஒரே ரோடு, அதுவும் கரையோரம். கடல் போன அதிசயத்தைப் பார்க்க வந்த வண்டியெல்லாம் அதுலதான் அடைச்சு நிக்குது. ஆம்புலன்ஸே நகரலையாம்.

— தெரியும். இவரும் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டார். போன் எடுக்கலை.

— அம்மாடி, கொடியில துணி ஆடலையே.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— எவ்வளவு நேரம் இருக்கு?

— சாயங்காலத்துக்குள்ள. ஏன்க்கா உட்கார்ந்துட்டீங்க? தண்ணி தரவா?

— வேண்டாம். இந்தத் தெருவுல உன் கணக்கை நம்பின ஒரே ஆள் நான்தான். வெளியில சொன்னா கேலி பண்ணுவாங்கன்னு சொல்லலை. அக்கரையில இருந்த என் பொண்ணை, "குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு வந்துடுடி, இங்கே பத்திரம்"னு நேத்து நான்தான் வரவழைச்சேன்.