செவ்வாய்க்கிழமை டூட்டி

வாத்தியார்: ...அப்ப நாளைக்குக் காலையிலேயே கிளம்பறே?

கேப்டன்: நேத்துலேர்ந்து அதைத்தானே சொல்றேன். அந்த வெள்ளைச் சட்டையை இப்படி எடுங்க... ஐயோ, கசக்காம!

வாத்தியார்: டூட்டி செவ்வாய்க்கிழமையா?

கேப்டன்: செவ்வாய்தான்.

வாத்தியார்: எத்தனை மணிக்கு?

கேப்டன்: என்னங்க இது, ஒன்பதாம் கிளாஸ் பையனைக் கேக்கற மாதிரி?

வாத்தியார்: அவனுங்க பொய் சொன்னா காது சிவக்கும். கண்டுபிடிக்கறது சுலபம்.

கேப்டன்: எனக்கு என்ன சிவக்குதாம்?

வாத்தியார்: உனக்கு ஒண்ணும் சிவக்கலை. அதான் பயமா இருக்கு.

கேப்டன்: பரவாயில்லையே... கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சாவது பொண்டாட்டிகிட்ட பயம் வந்துதே.

வாத்தியார்: சிரிப்பு வேணாம். ஊர்ல எல்லாரும் பஸ் ஏறி வேலைக்குப் போறாங்க. என் பொண்டாட்டி விமானம் ஏறிப் போய், அங்க இன்னொரு விமானம் ஓட்டறா. சரக்கு விமானம். எட்டு நாள் அங்க, ஆறு நாள் இங்க. பள்ளிக்கூடத்துல எத்தனை பேர்கிட்ட மார்தட்டியிருக்கேன் தெரியுமா?

கேப்டன்: இப்ப?

வாத்தியார்: இப்ப யாராவது உன்னைப் பத்திக் கேட்டா, பேச்சை மாத்திடறேன்.

கேப்டன்: எதுக்கு?

வாத்தியார்: ஆறு நாள் அஞ்சு நாளாயிடுச்சே, அதுக்கு. முன்னெல்லாம் புதன்கிழமை மத்தியானம் போவே. மூணு மாசமா செவ்வாய்க்கிழமை விடியறதுக்கு முன்னாடியே ஓடறே.

கேப்டன்: டூட்டியை மாத்திட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே...

வாத்தியார்: சொன்னே. சின்ன ரூம்ல இருந்த நீலத் திரை எங்க?

கேப்டன்: எது... அதுவா? சலவைக்குப் போட்டிருக்கேன்.

வாத்தியார்: மூணு மாசமாவா துவைக்கிறாங்க? ரெண்டு தலையணை உறையையும் காணோம். ஒண்ணுன்னா சரி. ரெண்டு எதுக்கு?

கேப்டன்: தலையணை உறையெல்லாமா எண்ணுவீங்க?

வாத்தியார்: கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கிட்டா எண்ணத்தான் செய்வான்.

கேப்டன்: இங்க பாருங்க, மனசுல இருக்கறதை நேரா கேளுங்க. மூக்கை எதுக்குத் தலையைச் சுத்தித் தொடறீங்க?

வாத்தியார்: சரி, நேராவே கேக்கறேன். போன மாசம், நீ கிளம்பிப் போன செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் வீட்டு போன் அடிச்சுது. உன் ஆபீஸ். “மேடம் செல் அணைஞ்சிருக்கு சார். இன்னிக்கு அவங்களுக்கு ஓய்வு நாள்னு தெரியும். ஆனா ஒருத்தர் திடீர்னு லீவு போட்டுட்டாரு, மேடம் வர முடியுமான்னு கேட்டுச் சொல்றீங்களா?”

கேப்டன்: நீங்க என்ன சொன்னீங்க?

வாத்தியார்: குளிச்சிக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். உனக்காக வாழ்க்கையில முதல் தடவையா வாய் கூசாம ஒரு பொய்.

கேப்டன்: அவங்க... எதையாவது மாத்திப் பாத்திருப்பாங்க.

வாத்தியார்: நானும் அப்படி நினைக்கத்தான் பாத்தேன். நீ திரும்பி வந்ததும் உன் டூட்டி அட்டவணையைத் தேடிப் பாத்தேன். புதன் ராத்திரி. ஆறு தடவையும் புதன் ராத்திரி.

கேப்டன்: என் பையைக் குடைஞ்சீங்களா?

வாத்தியார்: குடைஞ்சேன். தப்புதான். அதுக்கு வேணும்னா அப்புறம் திட்டு. இப்ப பதில் சொல்லு.

குட்டி: அம்மா... என் செவப்பு பென்சில் பாத்தியா?

கேப்டன்: மேசைக்கு அடியில பாரு, கண்ணு.

குட்டி: அங்க இல்ல. அம்மா, நாளைக்கு நான் அத்தை வீட்லயா தூங்கணும்?

கேப்டன்: அங்க ஏன் தூங்கணும்? அப்பா இருக்காரே.

குட்டி: போன மாசம் நீ போனப்ப அங்கதானே தூங்கினேன். அப்பா ஏரோப்ளேன்ல போனாருல்ல...

வாத்தியார்: குட்டி!

குட்டி: ஐயோ... அதை அம்மாகிட்ட சொல்லக்கூடாதுல்ல?

வாத்தியார்: பென்சில் அலமாரிக்கு மேல இருக்கு. போ.

கேப்டன்: நில்லுடி. அப்பா எப்ப திரும்பி வந்தாரு?

குட்டி: மறுநாள். எனக்கு மிட்டாய் வாங்கிக்கிட்டு வந்தாரு. அம்மா, நான் போறேன்... அப்பா முறைக்கிறாரு.

கேப்டன்: ம்... போ. கதவைச் சாத்திட்டுப் போ.

வாத்தியார்: அது வந்து... ஒரு கூட்டம்.

கேப்டன்: என்ன கூட்டம்?

வாத்தியார்: வாத்தியார்ங்க கூட்டம்.

கேப்டன்: சாக்பீஸுக்கே கையெழுத்து வாங்கற பள்ளிக்கூடம். உங்களை விமானம் ஏத்தி அனுப்பிச்சா?

வாத்தியார்: நீ முதல்ல என் கேள்விக்கு...

கேப்டன்: காது சிவக்குது, வாத்தியாரே.

வாத்தியார்: சிவக்கட்டும். நான் போனது ஒரு நாள். நீ ஆறு தடவை. எது முதல்ல?

கேப்டன்: பொண்டாட்டி இல்லாத நேரத்துல, புள்ளையை அக்கா வீட்ல தள்ளிட்டு, விமானம் ஏறிப் போய், ராத்திரி தங்கிட்டு வந்திருக்கீங்க. புள்ளை வாய்க்கும் பூட்டு. இதுல என்னை நிக்க வெச்சுக் கேள்வி!

வாத்தியார்: எங்க போனேன்னு சொல்றேன். நீ சொன்ன அடுத்த நிமிஷம் சொல்றேன். குட்டி மேல சத்தியமா.

கேப்டன்: குட்டி மேலயெல்லாம் எதுக்குச் சத்தியம் பண்றீங்க?

வாத்தியார்: வேற வழி தெரியலை எனக்கு.

கேப்டன்: ...யாரையோ பாக்கப் போறேன்னு நினைக்கிறீங்க, இல்ல?

வாத்தியார்: நினைக்கவே இல்லைன்னா அது பொய்.

கேப்டன்: யாரை?

வாத்தியார்: போட்டோவுல எப்பவும் சிரிச்சுக்கிட்டு நிப்பானே, உன் கோ-பைலட்...

கேப்டன்: அவனா! ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் கடலை கொறிப்பான் அவன். போன வாரம் நாப்பதாயிரம் கோழிக்குஞ்சு ஏத்திட்டுப் போனோம். அதுங்க போட்ட சத்தமே இவன் கொறிக்கறதுக்குத் தேவலாம்.

வாத்தியார்: அப்ப வேற யாரு?

கேப்டன்: யாருமில்ல. தூங்கப் போறேன்.

வாத்தியார்: என்னது?

கேப்டன்: தூங்கறதுக்கு. தனியா. செல்லை அணைச்சுட்டு, கதவைச் சாத்திட்டு.

வாத்தியார்: இதை நான் நம்பணும்?

கேப்டன்: நம்பாட்டிப் போங்க. நீலத் திரை அங்க நானும் இன்னொரு பொண்ணும் தங்கற வீட்ல, என் ரூம் ஜன்னல்ல தொங்குது. வெளிச்சம் வரக்கூடாது. உறை ஒண்ணு தலைக்கு, இன்னொண்ணு மூஞ்சிக்கு மேல போட்டுக்க.

வாத்தியார்: தூங்கறதுக்கு ஒரு நாள் முன்னாடி போகணுமா? இங்க கட்டில் இல்லையா?

கேப்டன்: கட்டில் இருக்கு. தூக்கம்தான் இல்ல.

வாத்தியார்: ஏன்? சொல்லும்மா.

கேப்டன்: மூணு மாசம் முன்னாடி, குட்டிக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் அனலா அடிச்சுதே...

வாத்தியார்: ஞாபகம் இருக்கு. காலையில விட்டுடுச்சே.

கேப்டன்: விடற வரைக்கும் ஈரத்துணி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். மறுநாள் புதன். பகல்ல கண் மூட முடியலை. மத்தியானம் கிளம்பி அங்க போய், அன்னிக்கு ராத்திரியே ஓட்டினேன்.

வாத்தியார்: சரி...

கேப்டன்: கடலுக்கு மேல போய்க்கிட்டு இருந்தோம். தானியங்கியில போட்டிருந்துச்சு. கண்ணைச் சிமிட்டினேன்னுதான் நினைச்சேன். திறந்து பாத்தா பதினோரு நிமிஷம் போயிருக்கு. பக்கத்துல அவனும் தூங்கறான், கையில கடலையோட. கீழேர்ந்து ரேடியோவுல நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. யாரும் பதில் சொல்லலை.

வாத்தியார்: ஐயோ...

கேப்டன்: ஒண்ணும் ஆகலை. பாதை மாறலை, உயரம் மாறலை. இறங்கினதும் நானே எழுதிக் கொடுத்தேன். விசாரிச்சாங்க. டூட்டிக்கு முன்னாடி நல்லாத் தூங்கினேன்னு ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடணும்னாங்க. அந்தக் கையெழுத்தை நான் பொய்யாப் போட மாட்டேன்.

வாத்தியார்: என்கிட்ட மட்டும் பொய் சொல்லலாமா?

கேப்டன்: சொன்னா என்ன ஆகும்? வேலையை விடுன்னு சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும். ‘நான் குறட்டை விட்டுத் தூங்கிட்டேனே’ன்னு உங்களையே கொன்னுக்குவீங்க. அப்புறம் புள்ளை தும்மினாக்கூட என்கிட்ட மறைப்பீங்க.

வாத்தியார்: என்னை எழுப்பியிருக்கலாமே...

கேப்டன்: உங்களுக்குக் காலையில பரீட்சை வேலை. எனக்கும் விட்டு நகர மனசில்ல. ஆறு நாள்தான் அம்மாவா இருக்கேன், அதையும் தூங்கிக் கழிக்கணுமா?

வாத்தியார்: அதுக்காக இங்க தூக்கமே வராதா?

கேப்டன்: கதவைச் சாத்தினாலும் காது திறந்தே இருக்குங்க. குட்டி இருமினா முழிப்பு, நீங்க பாத்திரத்தை உருட்டினா முழிப்பு. அங்க எது விழுந்தாலும் என் வீட்டுப் பாத்திரம் இல்ல. முதல் நாள் பதினாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்து உக்காந்து அழுதேன்.

வாத்தியார்: ஏன்?

கேப்டன்: நல்லா இருந்துச்சு. உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு வந்தும் நல்லா இருக்குதேன்னு.

வாத்தியார்: அந்தச் சட்டையைக் கொடு, நானே மடிச்சு வைக்கிறேன்.

கேப்டன்: கோபமா?

வாத்தியார்: இல்ல. நாளைக்குப் போ. வழக்கம்போல காலையிலேயே போ. பொய் சொல்லாம போ, அவ்வளவுதான்.

கேப்டன்: சரி. இப்ப உங்க முறை. எங்க போனீங்க?

வாத்தியார்: உன் ரூமுக்குத்தான்.

கேப்டன்: என் ரூமுக்கா! வேவு பாக்கவா?

வாத்தியார்: வேவு பாக்கத்தான். போன் வந்த கையோட குட்டியை அக்காகிட்ட விட்டுட்டு ஓடி வந்தேன். மூணு மாடி. ஏறும்போதே என்னென்ன கேக்கணும்னு வரிசையா மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்.

கேப்டன்: அப்புறம்? கதவைத் தட்டலையா?

வாத்தியார்: தட்டினேன். உன்கூடத் தங்கியிருக்கற பொண்ணு திறந்துச்சு. உள் கதவு சரியாச் சாத்தாம ஒருக்களிச்சிருந்துச்சு. நீ படுத்திருந்தே. யூனிஃபார்ம் மாத்தலை, ஷூவைக் கழட்டலை. மூஞ்சி மேல போட்ட உறை நழுவி, வாயைத் திறந்துக்கிட்டு... நம்ம வீட்ல உன்னை அப்படி ஒரு நாளும் பாத்ததில்ல.

கேப்டன்: பாத்தாச்சு இல்ல? அப்புறம் எதுக்குங்க ஒரு மாசமா இந்த உர்ருன்னு மூஞ்சி?

வாத்தியார்: வேற யாராவது இருந்திருந்தா சண்டை போட்டிருப்பேன். யாருமே இல்ல. என்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்து தூங்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கு யார்கூடச் சண்டை போடறது? உன் வாயாலேயே கேக்கணும்னுதான் இவ்வளவு நேரம் ‘யாரு, யாரு’ன்னு குடைஞ்சேன்.

கேப்டன்: அட லூசு மனுஷா... எழுப்பியிருக்கக்கூடாதா? அந்தப் பொண்ணு ‘நீங்க யாரு’ன்னு கேக்கலையா?

வாத்தியார்: கேட்டுச்சு. புருஷன்னு சொல்ல வாய் வரலை. டாக்ஸி டிரைவர்னு சொல்லிட்டேன். “எழுப்பட்டுமா அண்ணா?”ன்னு கேட்டுச்சு. “வேணாம்மா, நான்தான் சீக்கிரம் வந்துட்டேன்... அவங்க தூங்கட்டும்”னு சொல்லிட்டு, விடியற வரைக்கும் கீழ வாசப்படியில உக்காந்திருந்தேன்.